பன்னிரண்டு படங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கியத் தொடரில் கமராவுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம். எங்கள் பக்கத்து நாட்டார் கவி, நாலு அடிக்குள் ஒரு பெண்ணின் முழுத் துயரத்தையும் சொல்லி முடித்துவிடும். ஐந்தாவது அடி அங்கே கிடையாது. என் மாமாவின் கமராவில் ஒரு றோலுக்குப் பன்னிரண்டு படங்கள். பதின்மூன்றாவது கிடையாது. இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மனிதன் யோசித்துத்தான் வாயைத் திறப்பான், யோசித்துத்தான் விசையை அழுத்துவான். யாப்பு என்பதும் அதுதானே. புதுக்கவிதை எழுதும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாமா என்றால் என் உம்மாவின் தம்பி. கல்முனையில் ஆசிரியராக இருந்தவர். படம் பிடிப்பது அவருக்குத் தொழிலல்ல, பைத்தியம். சம்பளத்தில் பாதி பிலிமுக்குப் போகிறதென்று மாமி சண்டை பிடிப்பார். 1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போய்வரத் தொடங்கிய காலம் அது. ஊருக்கெல்லாம் ரேடியோ கசட் வந்து இறங்கியபோது, மாமா மட்டும் நண்பரொருவரிடம் சொல்லி ஒரு யஷிகா மெட் 124 ஜி வாங்குவித்தார்.

இந்தக் கமராவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெட்டுக்குத்தான ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலுள்ளது நமக்குக் காட்டுவதற்கு, கீழுள்ளது பிலிமுக்குக் காட்டுவதற்கு. கண்ணில் ஒற்றிப் பார்ப்பதில்லை. கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்கவேண்டும். உள்ளே மங்கலான கண்ணாடியில் உலகம் சதுரமாய்த் தெரியும். ஆனால் இடம் வலமாய், வலம் இடமாய்த் தெரியும். கரைவலை இழுப்பவர்கள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார்கள். அவர்களைத் தொடர்ந்து பிடிக்கிறேன் என்று கமராவைத் திருப்பினால் ஆளே காணாமற் போய்விடுவார்! முதல் முறை அதைக் கையிலெடுத்தபோது நான் கடலை மட்டுமே இரண்டு படம் பிடித்தேன். "அவசரப்படாத மகன், இன்னும் பத்துத்தான் இரிக்கி" என்றார் மாமா.

இந்த வகைக் கமராக்களுக்கெல்லாம் முன்மாதிரியாக நின்றது ரோலிஃபிளெக்ஸ். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கேயும் ஹைடெக்கேயும் சேர்ந்து 1929இல் வெளியிட்டது. பின்னர் உலகமெங்கும் அதற்குத் தம்பிமார் பிறந்தார்கள். ஜப்பானில் யஷிகா, மினோல்டா ஓட்டோகோர்ட். சீனாவில் சீகல். லெனின்கிராட்டில் லுபிடெல். மூன்றே கண்ணாடி கொண்ட வில்லையுடன் வந்த லுபிடெல் ஏழை வீட்டுப் பிள்ளை. ஓரங்களில் சற்று மங்கும், ஆனால் நடுவில் பொய் சொல்லாது. மமியாக்காரர் இரட்டை வில்லைக் கமராவில் வில்லைகளைக் கழற்றி மாற்ற வழி செய்தவர். 55 மில்லிமீற்றரிலிருந்து 250 வரை வைத்திருந்தார். நல்ல கமராதான், ஆனால் கழுத்து வலிக்கும். சுவீடனின் ஹசல்பிளாட் 1969இல் சந்திரனுக்கே போய் வந்தது. அதன் விலையும் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

இவற்றை நேசிப்பவர்கள் கூடினால் ஒரு வழக்கு நிச்சயம் எழும். ரோலிஃபிளெக்ஸில் சைஸ் கம்பனியின் பிளானர் சிறந்ததா, ஷ்னைடரின் செனோடார் சிறந்ததா என்பது. கம்பனா வள்ளுவனா என்று பட்டிமன்றம் வைக்கும் நமக்கு இது புதிதல்ல. என்னைக் கேட்டால் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லக்கூடிய கண் ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். எங்கள் கடற்கரையில் பூஞ்சணம் என்றொரு நீதிபதி இருக்கிறது. மாரி மழையின் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் அது பிளானரிலும் படரும், செனோடாரிலும் படரும், யஷிகாவின் யஷினோனிலும் படரும். சிலந்தி நூல்போல் தொடங்கிக் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். மாமா கமராவை அலுமாரிக்குள் வைப்பதில்லை. வறுத்த அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதோடு ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்து இறுக மூடுவார். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுவார். பழைய அரிசி கோழிக்கு.

அவருடைய யஷினோன் வில்லை 80 மில்லிமீற்றர், துவாரம் 3.5. நான்கு கண்ணாடிகளாலான டெசார் அமைப்பு. அந்த அமைப்பை 1902இலேயே ஜெர்மனியில் வகுத்துவிட்டார்கள். கமராவின் ஒளிமானி பாதரச மின்கலத்தில் இயங்கியது. அந்த மின்கலம் கிடைப்பது அரிதாகிப் பின் உற்பத்தியே நின்றுபோனது. மாமா கவலைப்படவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார். நல்ல வெயிலென்றால் துவாரம் 16, வேகம் 125இல் ஒரு பங்கு. கடற்கரை மணல் ஒளியைத் திருப்பி அடிப்பதால் அங்கே 22.

மருதமுனைத் தறிக்கொட்டிலுக்குள் அவர் படம் பிடித்த நாள் நினைவிருக்கிறது. கூரைக் கீற்றின் இடுக்கால் விழும் வெளிச்சம் தவிர வேறு விளக்கில்லை. துவாரம் 4, வேகம் 15இல் ஒரு பங்கு. வேறு கமராவென்றால் கை ஆடிப் படம் கலங்கிவிடும். இரட்டை வில்லைக் கமராவுக்குள் கண்ணாடி எழும்பி விழுவதில்லை. ஓசை ஒரு சின்னக் கிளிக், அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். நெசவாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. முகத்துக்கு நேரே கமராவை நீட்டினால் எங்கள் ஊரில் ஆள் விறைத்துப் போவார். மாமாவோ குனிந்து நிற்பார். தலை வணங்கி நிற்பவரிடம் யாருக்குப் பயம்?

அந்தக் காலத்தில் படம் பிடிப்பதையே விரும்பாத பெரியவர்கள் எங்கள் ஊரில் பலர் இருந்தனர். பெண்களின் படமென்றால் சொல்லவே வேண்டாம். மாமா அவர்களோடு வாதாடியதில்லை. தனக்கென ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு பெண்ணைப் படம் பிடித்தால், அது அந்த வீட்டார் கேட்டுக்கொண்டதாக இருக்கவேண்டும். படத்தை அச்சிட்டதும், நெகட்டிவிலிருந்து அந்த ஒரு சதுரத்தைக் கத்தரியால் வெட்டி, படத்தோடு சேர்த்து அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவார். "படமும் உங்கட, பிலிமும் உங்கட" என்பார். ஊர் அவரை நம்பியதற்கு அந்தக் கத்தரிதான் காரணம்.

நெகட்டிவ் யாரிடம் இருக்கவேண்டும் என்பது லேசான கேள்வியல்ல. நம் நாட்டின் லயனல் வென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், புகைப்படமோ தன் விருப்பத்துக்காகச் செய்தது. 1944இல் இறந்தார். அவரது நெகட்டிவுகள் அதன்பின் அழிக்கப்பட்டன. அவர் கையால் அச்சிட்ட படங்கள் தப்பியதால்தான் 1950இல் ஒரு நூலாவது வந்தது. அமெரிக்காவில் விவியன் மேயரின் கதை நேரெதிர். பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை செய்த பெண், கழுத்தில் ரோலிஃபிளெக்ஸோடு சிகாகோத் தெருக்களில் திரிந்தார். எடுத்த படங்களைப் பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை, பலவற்றைக் கழுவக்கூட இல்லை. 2007இல் வாடகை கட்டாத களஞ்சிய அறையிலிருந்து அவருடைய பெட்டிகள் ஏலத்தில் போயின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவுகள் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். 2009இல் அவர் இறந்தபோது தனக்குப் புகழ் வரப்போவது அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு 2004 டிசம்பர் 26 வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர். நான் அதை விவரிக்கப்போவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் அதைக் கண்டவர்கள். மாமா திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்து, இடிந்த மதிலுக்குக் கீழே கமரா கிடைத்தது. மேல் வில்லை நொறுங்கியிருந்தது. கீழ் வில்லையில் கீறலே இல்லை, ஆனால் அதன் இதழ்களுக்குள் மணல் இறுகியிருந்தது.

நெகட்டிவுகள் தப்பின. பிரதான வீதிக்கு மேற்கே, வயற்பக்கம் இருந்த சாச்சி வீட்டுப் பரணில், அரிசிப் பைகளோடு மூன்று தகரங்களில் அவற்றை வைத்திருந்தார். கடலருகே ஈரம் அதிகம் என்பதே காரணம்.

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீடு போய், அல்பம் போய், அடையாள அட்டைகூடப் போனவர்கள். "எங்கட வாப்பாவ உங்கட மாமா ஒருக்கா படம் புடிச்சார், இரிக்கா?" பெருப்பிக்கும் கருவி அலையோடு போய்விட்டது. ஆகவே குளியலறையில் சிவப்பு மின்குமிழ் ஒன்றைப் போட்டு, நெகட்டிவை அச்சுத்தாளின் மேல் வைத்து, ஜன்னல் கண்ணாடித் துண்டால் அழுத்தி, உள்ள அளவிலேயே அச்சிட்டேன். மற்றச் சின்னக் கமராவின் 35 மில்லிமீற்றர் பிலிம் என்றால் படம் தீப்பெட்டியைவிடச் சிறிது. அதில் மனிதர் தெரிவார், முகம் தெரியாது. இந்தச் சதுரமோ பக்கத்துக்கு 56 மில்லிமீற்றர். பரப்பில் அதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தாடியில் நரை தெரியும், வலையிழுத்த கையில் நரம்பு தெரியும். ஒருவர் தன் மகனை அவனுடைய நெற்றித் தழும்பால் அடையாளம் கண்டார். பிளானரா செனோடாரா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஆண்கள் கிடைத்தார்கள், சிறுவர்கள் கிடைத்தார்கள், தோணிகளும் மாடுகளும் கிடைத்தன. பெண்களைக் கேட்டு வந்தவர்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மனைவியைக் கேட்டவர், மகளைக் கேட்டவர், எல்லோருக்கும் கத்தரி பட்ட இடத்தைத்தான் காட்ட முடிந்தது. அந்தச் சதுரங்கள் அவரவர் அலுமாரியில் இருந்து, அலுமாரியோடு போயிருந்தன.

என் உம்மா 1996இலேயே நோயில் மவுத்தானவர். அவருக்கு ஒரே ஒரு படம் இருந்தது. மாமா பிடித்தது. படமும் நெகட்டிவும் எங்கள் கடற்கரை வீட்டில், உம்மாவின் பெட்டிக்குள் இருந்தன. அந்த றோல் எனக்குக் கிடைத்தது. ஆறு சதுரம், ஒரு வெட்டு, பிறகு ஐந்து சதுரம். வெட்டுக்கு முந்திய படத்தில் எங்கள் முற்றம், பலா மரம், ஆளில்லாத ஒரு கதிரை. பிந்திய படத்தில் அதே கதிரை, கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

தகரத்துக்குள் மாமாவின் கொப்பியும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுவது அவர் பழக்கம். அந்த றோலின் ஏழாவது வரியை மட்டும் வாசித்துவிட்டு விடைபெறுகிறேன்.

"ராத்தா. முற்றம். அஸருக்குப் பிறகு. துவாரம் 5.6. வேகம் 60."