மாதர் வாக்குரிமையும் மாண்டேகு துரையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இன்று நம் ஊராட்சிகளில் பாதி இடங்கள் மாதர்க்கு உரியவை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமை இது. நூறு ஆண்டுகளுக்கு முன்போ, வாக்களிக்கும் உரிமைக்கே அவர்கள் ஒரு மந்திரியிடம் முறையிட வேண்டியிருந்தது. அவ்வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம்.

1917ஆம் ஆண்டில் எட்வின் மாண்டேகு பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இந்திய மந்திரியாக இருந்தார். அரசியல் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தை அறிய அவர் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டில்தான் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியிருந்தது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார், பெண் கல்வி குறித்து மந்திரியைக் காண அனுமதி கோரினார். அரசியல் கோரிக்கைகளே ஏற்கப்படும் என்று விடை வந்தது. அவ்வாறாயின் அரசியல் உரிமையையே கேட்போம் என்று மாதர் துணிந்தனர். டிசம்பர் மாதத்தில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைக் கண்டது. ஆடவர்க்கு அளிக்கும் வாக்குரிமையை மகளிர்க்கும் அளிக்க வேண்டும் என்று கேட்டது.

மந்திரி கேட்டுக்கொண்டார். ஆயினும், 1918இல் அவரும் வைசிராய் செம்ஸ்போர்டும் வெளியிட்ட அறிக்கையில் அக்கோரிக்கைக்கு இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பிரிட்டனில் முப்பது வயது நிரம்பிய மாதர் பலர் வாக்குரிமை பெற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழுவோ, இந்நாட்டுச் சமூக வழக்கம் இடம் தராது என்றது. நம் மாதர் சோர்ந்துவிடவில்லை. 1919இல் சரோஜினி நாயுடுவும் அன்னி பெசன்ட் அம்மையாரும் லண்டனுக்கே சென்று பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். முடிவில் 1919ஆம் ஆண்டுச் சட்டம், இவ்விஷயத்தை மாகாணச் சட்டசபைகளின் முடிவுக்கு விட்டது. கதவு திறக்கப்படவில்லை, தாழிடப்படவும் இல்லை.

அக்கதவைத் திறந்தது சென்னை. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாக, 1921இல் சென்னைச் சட்டசபை அத்தடையை நீக்கியது. வழக்கம் இடம் தராது என்றவர்க்கு அதுவே தக்க விடை. சொத்துத் தகுதி இருந்தமையால் அன்று வாக்குப் பெற்ற மாதர் மிகச் சிலரே. எனினும் 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அச்சபையின் துணைத் தலைவரானார். குடியரசு மலர்ந்தபின், வயது வந்தோர் அனைவரும் 1951-52 பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மேலிடம் ஒத்திவைத்ததை உள்நாட்டுச் சபை செய்து முடித்தது. இன்றும் அவ்வாறே. சட்டம் மாதர்க்கு நாற்காலி தந்துவிட்டது. அவர்தம் சொல்லுக்கு இடம் தருதல் நம் கையில் உள்ளது. மனைவி தலைவர், பேசுபவர் கணவர் என்னும் நிலை சில ஊர்களில் உண்டு. பெண் உறுப்பினர் குடிநீர்க் குழாய் பற்றிக் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் விடுவதும் உண்டு. மாண்டேகு அறிக்கை செய்ததும் இதுவே அன்றோ?

கேட்டால் மட்டும் போதாது. பதிவு செய்வோம், நிறைவேற்றுவோம்.