பழைய படகு வாங்கும்போது

(ஆற்றோரக் கிராமங்களின் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கொள்ளிடக் கரையில் வாழும் நமக்குப் படகு ஆடம்பரப் பொருளன்று. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் நம் திட்டுகள் தீவுகளாகிவிடுகின்றன. 2022 ஆகஸ்டில் வந்த வெள்ளம் வடிந்த பின்னர், எங்கள் திட்டைச் சேர்ந்த பதினான்கு குடும்பத்தினர் ஒன்றுகூடி, பொதுவில் ஒரு படகு வாங்குவதென முடிவு செய்தோம். புதிய படகுக்கு வேண்டிய பணம் எங்களிடம் இல்லை. ஆகவே பழையதைத் தேடிப் புறப்பட்டோம். அப்போது நாங்கள் செய்த பிழைகளையும், அவற்றால் கற்றுக்கொண்டவற்றையும் கூறவே இங்கு வந்திருக்கிறோம். ஊராட்சி நிதியிலிருந்து வாங்குவதாயின் அதற்கு ஒப்பந்தப்புள்ளி விதிகள் தனியே உண்டு. அவற்றை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளலாம். சொந்தப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு செல்பவரைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

சந்தைக்கு மாடு வாங்கப் போகும்போது நாம் எவ்வளவு விழிப்போடு இருக்கிறோம்! பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், கறந்தும் பார்க்கிறோம். துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் தரகரின் விரல் எங்கே வந்து நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். அத்தகைய நாமே படகு விற்கும் இடத்தில் வாயடைத்து நிற்கிறோம். பொருள் நமக்குப் பழக்கமில்லாதது. பேசுகிறவரோ நெடுநாள் பழகியவர்போல் பேசுகிறார்.

எங்களை வரவேற்ற விற்பனையாளர் மிக இனிமையானவர். இளநீர் வெட்டித் தந்தார். எந்த ஊர், என்ன சாகுபடி என்றெல்லாம் அன்போடு விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, “எவ்வளவு கொண்டுவந்திருக்கிறீர்கள்?” என்றார். நாங்களும் ரூ. 1,20,000 என்று உள்ளதைச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு அவர் காட்டிய படகுகள் யாவும் வியக்கத்தக்க வகையில் அந்த விலையிலேயே அமைந்திருந்தன! புதிதாக நீல வண்ணம் பூசிய ஒரு பைபர் படகு எங்கள் கண்ணைக் கவர்ந்தது. எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. “மாலையில் வேறொருவர் அச்சாரத்தோடு வருகிறார்; நீங்கள் வெள்ளத்தில் கஷ்டப்படுகிறவர்கள் என்பதால் உங்களுக்கே கொடுக்க நினைக்கிறேன்” என்றார். நண்பகலுக்குள் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டோம். வழிச் செலவுக்கு அவரே ரூ. 500 திருப்பித் தந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2024 ஆகஸ்டில் மறுபடியும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. இரண்டு தாய்மாரையும் ஒரு பள்ளிச் சிறுவனையும் ஏற்றிக்கொண்டு படகு நட்டாற்றில் சென்றபோது, எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை விண்டுபோயிற்று. எஞ்சின் சாய்ந்து நின்றுவிட்டது. நீரோட்டம் படகை இழுத்துச் சென்றது. மீனவ சகோதரர்கள் தம் படகைக் குறுக்கே விட்டுக் கயிறு எறிந்திராவிட்டால் இன்று நாங்கள் இம்மேடையில் நிற்க மாட்டோம். பின்னர் அப்பலகையைப் பிரித்துப் பார்த்தோம். மேலே பைபர், உள்ளே இருந்த ஒட்டுப்பலகையோ நனைந்த தவிடுபோல் உதிர்ந்தது. போல்ட்டு துளைகளின் வழியே பல காலமாக நீர் இறங்கியிருக்கிறது.

விற்பனையாளரிடம் சென்றோம். “படகு ஒழுகுமா என்று கேட்டீர்கள், ஒழுகாது என்றேன், ஒழுகவில்லையே. பலகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையே” என்றார். அவர் கூறியதில் சட்டமும் ஓரளவு இருந்தது என்பதே எங்களுக்குப் பெரிய பாடம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், பொதுவாக வெறும் மௌனத்தை மோசடியாகக் கொள்வதில்லை. பொய்யென்று தெரிந்தே சொல்வதும், குறையை வேண்டுமென்றே மூடிமறைப்பதும் மோசடியாகும். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் நாமே. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமோ, 16ஆம் பிரிவில், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளைப் பின்னர் தரக்குறைவு என்று முறையிட இடம் தருவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்குபவரும் நுகர்வோரே. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரையாயின் கட்டணமும் இல்லை. எங்களிடமோ ஒரு துண்டு ரசீதுகூட இல்லை!

ஆகையால் நாம் கேட்கும் கேள்வியே நமக்குக் காவல். பலகை எப்போது மாற்றப்பட்டது, படகு எங்கேனும் மோதியதுண்டா, எங்கெங்கே ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது, எஞ்சின் எப்போதாவது நீரில் மூழ்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அவர் எதிரிலேயே எழுதிக் கையொப்பம் கேட்க வேண்டும். கையொப்பமிடத் தயங்கும் பதில் எதுவோ, அந்த இடத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். விற்பவர் படகின் சொந்தக்காரரா, தரகரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நன்று. இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவர் நம்முடைய ஆள் அல்லர், எவ்வளவு இளநீர் தந்தாலும்!

சோதனை கடினமானதன்று. ஒரு ரூபாய் நாணயத்தால் படகின் பக்கங்களையும் பின்பலகையையும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஒட்டு விட்டதும் ஊறியதுமான இடம் மந்தமாக ஒலிக்கும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், பலகை வளைந்துகொடுக்கிறதா என்பது தெரியும். புது வண்ணம் பூசிய இடத்தை இருமுறை பாருங்கள். எஞ்சினைக் கிளப்புமுன் அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள். முன்னரே சூடாக இருந்தால், நாம் வருவதற்குள் யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதே உண்மையான சோதனை. ஓடும்போது குளிர்விக்கும் நீர் தாரையாக வெளிவர வேண்டும். அடியிலுள்ள கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பிறகு, நாம் ஏற்றப்போகும் பாரத்தை ஏற்றி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பேர் ஏறி ஒரு வட்டம் அடிப்பது சோதனை ஆகாது.

படகு மெக்கானிக் ஒருவரை நம் செலவில் அழைத்துச் செல்வது உத்தமம். வியாபாரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவருக்கு அதே கூலி என்று முன்பே பேசிவிட வேண்டும். மீன்பிடிப் படகாயின் மீன்வளத் துறையின் பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒன்றா, எஞ்சின் மானியத்திலோ கடனிலோ பெறப்பட்டதா என்பவற்றை அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். அச்சாரம் கொடுத்தால், சோதனையில் தேறாவிடில் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சிறு தொகையாகவே கொடுங்கள். மாலையில் வருவதாகச் சொல்லப்படும் அந்த மற்றொருவரைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் இதுவரை அவரைக் கண்டதில்லை.

விற்பவர் எல்லோரும் வஞ்சகர் என்று நாங்கள் கூறவில்லை. சென்ற ஆண்டு ஒரு முதிய மீனவரிடம் வேறோர் எஞ்சின் வாங்கினோம். நாங்கள் கேட்பதற்கு முன்பே, “இந்த இடத்தில் உப்பு அரித்திருக்கிறது, இதை மாற்ற வேண்டும்” என்று விரலால் தொட்டுக் காட்டினார். அவர் சொன்ன விலையில் நாங்கள் பேரம் பேசவில்லை.

நாங்கள் பயன்படுத்தும் கேள்வித்தாளின் பிரதிகள் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. பழுதான அந்தப் பின்பலகையையும் கொண்டுவந்திருக்கிறோம். நல்ல பலகை ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. நாணயம் கையில் உள்ளவர்கள் இரண்டையும் தட்டிப் பார்க்கலாம்.