எப்போதும் ஒரே பாட்டா?

(எப்போதும்வென்றானில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



உங்கள் ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்போதும் வென்றவன் ஒருவன் இருந்தால், எப்போதும் தோற்கடிக்கப்பட்டவன் ஒருவனும் இருந்துதானே தீர வேண்டும்? அவன் பெயரை எவரும் ஊருக்கு வைப்பதில்லை. அவன் பாடினால் என்ன பாடுவான் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

சென்னையில் “தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்” என்று ஒரு பாட்டுக் கோஷ்டி தோன்றிற்று. சாதியற்றவர்கள் கூட்டம் என்பது அதன் அர்த்தம். சினிமா டைரக்டர் தோழர் பா. ரஞ்சித்தும், சங்கீதக்காரர் தோழர் டென்மாவும் 19 பேரைச் சேர்த்து, 2018-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதற் கச்சேரி நடத்தினார்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் கருத்துப் பழையது. 1907-ல் “ஒரு பைசாத் தமிழன்” பத்திரிகையை ஆரம்பித்த அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத் தமிழர் என்பதிலிருந்து எடுத்துக் கொண்டது.

இவர்கள் பாட்டைக் கேட்ட சில படித்த கனவான்கள், “ராகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்போது பார்த்தாலும் சாதி, இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, குப்பம், அம்பேத்கர் என்று ஒரே பாட்டுத்தானா?” என்று கேட்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: தியாகராஜருடையவை என்று இன்று கிடைக்கும் சுமார் 700 கீர்த்தனைகளில் பெரும்பாலானவை யாரைப் பற்றியவை? ஒரே இராமனைப் பற்றித்தானே! திருவையாற்றில் வருஷா வருஷம் கூடி அவற்றையே பாடுகிறார்கள். எந்தக் கனவானாவது எழுந்து, “போன வருஷமும் இராமன்தானே, இந்த வருஷம் வேறு ஆள் இல்லையா?” என்று கேட்டதுண்டா? அதற்குப் பக்தி என்று பெயர். அடிபட்டவன் இரண்டாந்தரம் வலிக்கிறது என்று சொன்னால் மாத்திரம் அது சலிப்பாகி விடுகிறது.

சரி, அந்த ஒரே பாட்டில்தான் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மாட்டுக்கறியை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தக் கரிசற் காட்டில் உழுததும், பருத்திப் பொதி ஏற்றிய வண்டியை இழுத்ததும் மாடு. அது செத்தால் அப்புறப்படுத்துவது சேரிக்காரன் கடமை என்று விதித்தவர்கள் யார்? மிராசுதார்கள். கூலியாகப் பணம் கொடுத்தார்களா? இல்லை, அந்தக் கறியைத்தான் விட்டார்கள். பிறகு அதைத் தின்றதற்காகவே அவனைத் தீண்டாதவன் என்றார்கள். வேலையைக் கொடுத்தவன் சுத்தமாம், செய்தவன் அசுத்தமாம்! இந்த நியாயத்தைச் சந்தி சிரிக்க வைக்கத்தான் அவர்கள் பாடுகிறார்கள்.

இடஒதுக்கீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வகுப்புவாரி உத்தரவு 1921-ல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. 1950-ல் ஐகோர்ட்டு அதைத் தள்ளிற்று, கிளர்ச்சி எழுந்தது, 1951-ல் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் பிள்ளைகளைக் காலேஜில் “கோட்டாக்காரன்” என்று ஏளனம் செய்கிறார்கள் என்றால், அந்தப் பாட்டு எப்படிப் பழசாகும்?

கோஷ்டியில் தோழர் இசைவாணி என்று ஒரு பெண் இருக்கிறார். வடசென்னைக் கானாப் பாட்டு ஆண்களுக்கே உரியது என்று இருந்ததை உடைத்துக் கொண்டு பாட வந்தவர். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் ஜாபிதாவில் இவர் பெயரும் இருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டு ஐயப்பன் பெயரால் இவர் பாடிய பாட்டு 2018-ல் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், திடீரென்று சிலருக்கு மனம் புண்பட்டு விட்டது! போலீசில் புகார்கள், போனில் மிரட்டல்கள். 1924-ல் வைக்கத்தில் கேட்டது தெருவில் நடக்கும் உரிமை; நூறு வருஷமாகியும் பாட்டில் கேட்பதற்கே இந்தக் கதி!

நிற்க. வார்த்தைகளைக் காட்டிலும் வாத்தியத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். அவர்கள் மேடையில் கிதாருக்குப் பக்கத்தில் பறையும், சட்டியும், கட்டை மோளமும் சரிசமமாக நிற்கின்றன. கானாவும் பறையும் சாவு வீட்டில் கேட்பவை. நம் கிராமங்களில் சாவுக்குப் பறை வேண்டும். பறையடிப்பவன் மாத்திரம் வாசற்படிக்கு வரக் கூடாது. ‘வரமாட்டேன்’ என்று அவன் சொன்னால் அடி, தண்ணீர்க் கட்டு, வேலை நிறுத்தம். ஆகவே பறை அவனுக்கு வாத்தியமாக இருக்கவில்லை, விலங்காக இருந்தது. ‘தொடவே மாட்டோம்’ என்று பறையைக் கொளுத்திய சேரிகளும் உண்டு. அதைத் தப்பென்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. இவர்கள் வேறு வழியில் போனார்கள். கட்டாயத்துக்கு அடிக்க மாட்டோம், இஷ்டத்துக்கு அடிப்போம் என்றார்கள். தோல் அதேதான், குச்சியும் அதேதான். அடிக்கச் சொல்லும் எஜமானன்தான் இல்லை.

உலகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களின் சந்ததியார் பருத்திக் காட்டில் பாடி வளர்த்த பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். பருத்திக் காடு என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டைச் சொந்த நாட்டில் இழிவாக நினைத்தார்கள். 1960-களில் லண்டன் வெள்ளைக்காரப் பையன்கள் அதையே எடுத்துப் பாடியதும் உலகம் தலையில் தூக்கி வைத்து ஆடிற்று. “ரோலிங் ஸ்டோன்ஸ்” என்ற கோஷ்டி தன் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற கருப்பருடைய பாட்டிலிருந்துதான் எடுத்துக் கொண்டது. சரக்கு ஒருவனுடையது, கடைப் பலகை இன்னொருவனுடையது.

இங்கும் அது நடந்தது. இக்கோஷ்டியில் பாடிய அரக்கோணத்துத் தோழர் அறிவு எழுதிப் பாடிய “என்ஜாயி எஞ்சாமி” 2021 மார்ச்சில் வெளிவந்து கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். அது யார் கதை? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் காலடி மண்கூட இல்லாமல் திரும்பிய அவருடைய பாட்டியின் கதை. இங்கே தூத்துக்குடியில் கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர்! 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கு பிரித்தார்கள், ஆடுமாடு பிரிப்பது போல. அந்தப் பாட்டைக் கொண்டாடி 2021 ஆகஸ்டில் ஒரு சங்கீதப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது. அதில் பாட்டை எழுதியவர் படம் இல்லை! கூச்சல் கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. கூச்சல் போடாதிருந்தால்?

இவர்களிடம் நமக்குக் குறையே இல்லை என்று நினைத்து விடாதீர்கள். அம்பேத்கர் படத்தைக் கண்டதும் கும்பிடு போடும் சில வாலிபர்களைப் பார்க்கையில் நமக்குப் பயமாக இருக்கிறது. சாமிக்குக் கற்பூரம் காட்டாதே என்று சொன்னவருக்கே கற்பூரம் காட்டுவதா? அவரைப் படிக்கட்டும், அது போதும். தவிரவும், இவர்கள் பாட்டில் வடசென்னைதான் அதிகம் தெரிகிறது. தீப்பெட்டி ஆபீசில் விரல் தேய்ந்த பெண்களும், மானாவாரியில் மழையைப் பார்த்துக் கண் பூத்தவர்களும் அதில் அநேகமாக இல்லை. 1995 ஆகஸ்டு 31-ந் தேதி இந்த ஜில்லாவிலுள்ள கொடியங்குளத்தில் போலீசார் புகுந்து வீடு வீடாகச் சாமான்களை உடைத்து, கிணற்றையும் பாழாக்கினார்களே, அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அதைச் சென்னைக்காரர் வந்து பாட வேண்டுமென்று எதற்காகக் காத்திருக்க வேண்டும்? ஒப்பாரி தெரியாத கிழவி இந்தப் பக்கத்தில் யார்? கும்மிப் பாட்டுத் தெரியாத பெண் யார்?

மேடைக்குப் பின்னால் பறைக்கு அனல் காட்டிக் கொண்டிருக்கிறார்கள். சூடேறச் சற்று நேரமாகும். அதற்குள் நாம் சொன்னதில் ஆட்சேபணையுள்ளவர்கள் தாராளமாக எழுந்து கேட்கலாம். பிறகு பாடத் தெரிந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், முன்னால் வாருங்கள்.