வேறு வேறு கோயில், ஒரே சபையா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



லப்பைக்குடிக்காட்டில் கண் பரிசோதனை முகாம் நடத்தியபோது, சீட்டுக்காகக் காத்திருந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் எங்கள் நர்ஸிடம் பேச்சுக் கொடுத்தார். “ஏம்மா, நீங்க எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வேதம். ஞாயித்துக்கிழமை ஒரே கோயிலுக்குத்தான போவீங்க?” நர்ஸ் சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். தாம் ரோமன் கத்தோலிக்கர். மருந்து கொடுக்கும் அண்ணன் லுத்தரன். டாக்டர் அம்மா தென்னிந்தியத் திருச்சபை. வேன் ஓட்டும் தம்பி பெந்தெகொஸ்தே. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “எங்க பள்ளிவாசல்ல யார் வந்தாலும் ஒரே வரிசைதாம்மா” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. வேன் பெரம்பலூர் வந்து சேரும்வரை நாங்கள் யாரும் அதிகம் பேசவில்லை.

விசுவாசப் பிரமாணத்தில் நாமெல்லாரும் ஒரே சபையைத்தான் அறிக்கையிடுகிறோம். நம்மில் பலர் அதைப் ‘பொதுவான சபை’ என்கிறோம். ரோமன் கத்தோலிக்கச் சகோதரர்கள் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்கிறார்கள். இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் அந்தச் சபைக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் மாறுகிறது. மறுபடியும் பிறந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாதது என்பார் வேன் ஓட்டும் தம்பி. சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் முறையாகக் கொடுக்கப்படும் இடத்தில் சபை உண்டு என்பது லுத்தரன் அண்ணனின் பதில். ரோமாபுரியோ 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், முறையாக ஞானஸ்நானம் பெற்ற மற்றவர்களும் தங்களோடு உறவில் இருக்கிறார்கள், ஆனால் அந்த உறவு இன்னும் நிறைவடையவில்லை என்று சொன்னது. அதற்கு முன்பு பிரிந்துபோனவர்கள் என்று மட்டுமே கேட்டுவந்த நம் பெரியோருக்கு அது பெரிய மாற்றம்.

நம் மண்ணிலேயே இதற்காகப் பாடுபட்டவர்கள் உண்டு. 1919 மே முதல் வாரத்தில் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. மேல்நாட்டார் தங்கள் ஊரில் போட்டுக்கொண்ட சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் மனத்தாங்கல். அதன்பின் பேச்சுவார்த்தை 28 வருஷம் நீண்டது. பெரிய தடை, பேராயரின் கை வைக்கப்படாமல் அபிஷேகம் பெற்ற போதகர்களை என்ன செய்வது என்பது. கடைசியில் எல்லாப் போதகர்களையும் அப்படியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் அபிஷேகம் பேராயர் கையால் நடப்பது என்று முடிவானது. நாடு சுதந்தரம் பெற்று ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒரே திருச்சபை ஆனார்கள். அசரியா ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில் எழுந்த அழைப்பு அது என்பதை நினைத்தால் நமக்கு வருத்தந்தான். முதலில் உபதேசத்தில் ஒத்துப்போவோம், பிறகு சேருவோம் என்றார்கள் அவர்கள். பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. சேர்ந்துவிட்டவர்களுக்குள்ளும் சாதியும் கோர்ட்டு வழக்கும் போய்விடவில்லையே.

வேலையில் சேருவது நமக்கு எளிதாகவே இருந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் தொடங்கிய ஊழியத்தை இன்று பல சபைகள் சேர்ந்து தாங்குகின்றன. எங்கள் வார்டிலும் ஊசி போடும் கை எந்தச் சபை என்று நோயாளி கேட்பதில்லை. பந்தியில்தான் பிரிகிறோம்.

அது எவ்வளவு வலிக்கும் என்பதை ஒரு மழைக்காலத்தில் கண்டோம். எங்களிடம் பல வருஷம் ஆயாவாக இருந்த கத்தோலிக்க அம்மா மரணப்படுக்கையில் இருந்தார். நற்கருணை வேண்டும் என்று கேட்டார். மழையில் பாதை அடைபட்டு, சாமியாரால் உடனே வர முடியவில்லை. எங்கள் சிற்றாலயப் போதகர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். திருவிருந்துப் பாத்திரம் பக்கத்து அறையில் இருந்தது. அவர் கொடுத்தால் ஆயா அம்மாவின் திருச்சபை அதை ஏற்காது; அந்த நேரத்தில் அவர் மனதைக் குழப்பவும் போதகருக்கு விருப்பமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் ஜெபித்தார். விடியற்காலையில் சாமியார் நனைந்த அங்கியோடு வந்து, எண்ணெய் பூசி நற்கருணை கொடுத்தார். அன்று பத்து மணிக்கு ஆயா அம்மா போய்விட்டார். அடக்கத்தில் இருவரும் ஜெபித்தார்கள். போதகர் செய்தது சரிதானா என்று எங்களுக்குள் இன்றும் பேச்சு உண்டு. அவரே அதற்குப் பதில் சொல்வதில்லை.

ஒவ்வொரு ஜனவரி 18 முதல் 25 வரை உலகெங்கும் சபைகள் ஐக்கியத்துக்காக ஜெபிக்கின்றன. வருகிற ஜனவரியில் எங்கள் சிற்றாலயத்திலும் கூடுகிறோம். நர்ஸும், மருந்து கொடுக்கும் அண்ணனும், டாக்டர் அம்மாவும், வேன் ஓட்டும் தம்பியும் ஆளுக்கொரு வேதபாகம் வாசிப்பார்கள். சாமியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். திருவிருந்து இருக்காது. ஆராதனை முடிந்து எல்லாருக்கும் கஞ்சி உண்டு. முடிந்தவர்கள் வாருங்கள்.