தொடுதிரையில் ஒரு மறைந்த விலங்கு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



அவுஸ்திரேலியாவில் நூதனசாலைக் காட்சிகளை வடிவமைப்பது என் தொழில். அண்மையில் தைலசின் எனப்படும் தஸ்மேனியப் புலிக்கு ஒரு தொடுதிரை செய்தோம். முதுகில் வரிகளும் வயிற்றில் பையும் உள்ள விலங்கு அது. ஆடுகளைக் கொல்கிறது என்று பழி சுமத்தி, 1888 முதல் 1909 வரை தஸ்மேனிய அரசு வளர்ந்த விலங்கொன்றுக்கு ஒரு பவுண் சன்மானம் கொடுத்தது. 2,184 தடவை பணம் வழங்கப்பட்டது.

முதலில், விரல் பட்டதும் ஒரு விலங்கு மறையும்படி திரையை அமைத்தேன். பரீட்சித்துப் பார்க்க வந்த பிள்ளைகள் போட்டி போட்டுத் தட்டினார்கள். “எனக்கு எத்தனை புள்ளி?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. வேட்டையை நானே விளையாட்டாக்கியிருந்தேன். அன்றே அதைக் கைவிட்டோம்.

இப்போது திரையில், 1933இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் எடுத்த படம் ஓடுகிறது. விரலை வைத்திருக்கும் வரை தைலசின் கூண்டுக்குள் நடக்கும், எடுத்தால் நின்றுவிடும். கீழே இரண்டு திகதிகள் மட்டும். 1936 யூலை 10: சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. செப்டெம்பர் 7: அறியப்பட்ட கடைசி விலங்கு இறந்தது. இடையில் 59 நாட்கள். கணக்கைப் பிள்ளைகளே போடுகிறார்கள். போட்டபின் பேசாமல் நிற்கிறார்கள்.

விஞ்ஞானக் கொப்பியில் பிழையை அழிக்காதே, ஒற்றைக் கோடிட்டுத் திருத்து என்பார் எங்கள் ஆசிரியை. பிழை பார்வையில் இருந்தால்தான் திரும்பச் செய்யமாட்டாய் என்பது அவர் நியாயம். நூதனசாலையும் அப்படியொரு கொப்பிதான். அந்தப் பாடத்தை இங்கேதான் படித்தேன்.