புலி முத்திரையும் மின்னணு முத்திரையும்



எங்கள் கணியூர் வட்டாரத்தார் பலர் திருப்பூர்ப் பனியன் தொழிலை நம்பி வாழ்பவர். அங்குத் தைத்த ஆடைகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடக்கின்றன. கப்பலோ குறித்த நாளில் புறப்பட்டுவிடும். அதற்குள் பெட்டகம் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தல் இயலுமா? பாராது விடுத்தால் கள்ளச் சரக்குக் கலவாதா?

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மேல் புலி முத்திரை பொறித்தனர் என்கிறது பட்டினப்பாலை. 2017 முதல், அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தம் ஆலையிலேயே பெட்டகத்தைப் பூட்டி மின்னணு முத்திரை இடுகின்றனர். துறைமுகத்தில் அதனைக் கருவியால் சரிபார்ப்பர். முத்திரை சிதைந்திருப்பினும், வேறு ஐயம் எழினும், பெட்டகத்தைத் திறந்து சோதிப்பர்.

இவ்விரைவுக்கு அடிப்படை யாது? வாய்மையே. 'ஷிப்பிங் பில்' எனும் ஏற்றுமதிப் பட்டியலில் உள்ளவை உண்மை என ஏற்றுமதியாளர் உறுதி கூறவேண்டும் என்பது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 50ஆம் பிரிவு.

நேர்மையாகக் கணக்கிடும் மாணவனின் ஏட்டை ஆசிரியர் விரைந்து திருப்பித் தருவார். ஒருமுறை பார்த்தெழுதி அகப்பட்டவன் ஏட்டையோ வரிவரியாக ஆராய்வார். சுங்கத்துறையும் அத்தகையதே. முதலாளி எழுதும் ஒரு பொய்யால் சரக்குத் தேங்கினால், தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவரின் கூலியும் தேங்கும். நாளை பட்டியல் எழுதப்போகும் நீங்கள் இதனை மறவாதீர்கள்.