தையற்காரர் கேட்ட கேள்வி



யூத மத குருமார்களுக்கு ரப்பிகள் என்று பெயர். அவர்கள் கி.பி. 200 வாக்கில் தங்கள் சட்டதிட்டங்களைத் தொகுத்து வைத்தார்கள். அந்நூலே மிஷ்னா என்பது. விதைப்பு முதல் விவாகரத்து வரை எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. அதிலுள்ள சில சங்கதிகளைப் பற்றித்தான் இன்று நாம் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். மனைவி கர்ப்பமான பின் ஆண் பிள்ளை பிறக்க வேண்டுமென்று வேண்டுவது வீண் பிரார்த்தனை என்கிறது அந்நூல். ஊருக்குள் வருகிறவன் கூக்குரல் கேட்டு, அது தன் வீட்டில் இருக்கக் கூடாதென்று வேண்டினால் அதுவும் வீண்தானாம். நடந்து முடிந்ததைக் கடவுளும் மாற்றுவதில்லை என்று கடவுளை நம்பினவர்களே ஒப்புக்கொண்டார்கள்! ஆதியில் ஒரே மனிதன் படைக்கப்பட்டதற்கு, என் தகப்பன் உன் தகப்பனைவிட மேலானவன் என்று எவனும் பேசக் கூடாது என்பதையும் ஒரு காரணமாகக் கூறுகிறது. மெத்தச் சரி.

ஆனால், தோழர்களே, மணமான பெண் வேறொரு யூதனுக்குப் பெற்ற பிள்ளையை அதே நூல் "மம்சேர்" என்கிறது. அப்பிள்ளையும் அதன் சந்ததியும் எக்காலத்திலும் மற்ற யூதர்களோடு கலியாண சம்பந்தம் செய்யக் கூடாதாம். கற்றறிந்த மம்சேர், கல்லாத தலைமைப் புரோகிதனுக்கு முந்தியவன் என்றும் அதே நூல் எழுதுகிறது. மரியாதை உண்டு, பெண் மாத்திரம் கிடையாது!

இதைக் கேட்க ஒருவர் வந்தார். லேவியராகமத்துக்கு ரப்பிகள் செய்த பழைய விரிவுரையொன்றில் தானியேல் என்னும் தையற்காரர் பேசுகிறார். ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீர் என்று வேதம் சொல்வது இந்த மம்சேர்களின் கண்ணீரே என்றார். ஒடுக்குகிறவர்கள், வேதத்தின் பலத்தைக்கொண்டு இவர்களைத் தள்ளிவைக்கும் பெரிய சபையார்தான் என்றார். தகப்பன் குற்றம் செய்தால் பிள்ளை செய்த பாவம் என்ன என்று கேட்டார்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? மறுமையில் கடவுளே ஆறுதல் அளிப்பாராம்! இம்மையில் விதி அப்படியே இருந்தது.

இது பழங்கதையென்று எண்ணாதீர்கள். இஸ்ரேலில் 1953-ம் வருஷத்துச் சட்டப்படி யூதர்களின் கலியாணமும் விவாகரத்தும் இன்றும் ரப்பிகளின் நீதிமன்றங்கள் கையில் இருக்கின்றன. மதச் சடங்கில்லாத பதிவுக் கலியாணம் செய்துவைக்க அந்நாட்டில் அதிகாரி இல்லை. இரக்கமுள்ள ரப்பிகள், ஒருவரை மம்சேர் என்று தீர்ப்புச் சொல்லாமலிருக்க எத்தனையோ வழிகளைத் தேடுகிறார்கள். விதியை எடுத்தெறிய மாத்திரம் துணிவதில்லை.

விதி நியாயமானால் வழி தேடுவானேன்? அநியாயமானால் வைத்திருப்பானேன்? எந்த மதத்து நூலானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எழுதினவன் மனிதனே, அடித்துத் திருத்தவும் மனிதனுக்கு உரிமை உண்டு.